பான் நம்பர் ஒன்று, ஆள் இரண்டு

வருமான வரி ரிட்டர்ன் போடப் போனால், 'இந்த ஆண்டுக்கு ஏற்கெனவே தாக்கல் ஆகிவிட்டது' என்கிறது போர்ட்டல். தாக்கல் செய்தது யார்?

பௌர்ணமிக்கு முந்தின மாலை திருவண்ணாமலையில் லாட்ஜ் ரூம் கிடைப்பதே பாக்கியம். கிடைத்துவிட்டால், பையைக் கீழே வைப்பதற்குள் கவுண்டரில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான். "ஆதார் ஜெராக்ஸ் இருக்கா சார்?" கையில் இல்லையென்றாலும் கவலை இல்லை, பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை இருக்கும். நகலின் அடியில் கைப்பேசி எண்ணை எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டிவிட்டு மலை சுற்றக் கிளம்பிவிடுகிறோம். 14 கிலோமீட்டர் நடந்து, எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு, கால் கடுக்கத் திரும்பி வரும்போது அந்தத் தாள் எங்கே போனது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. மேஜைக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட கட்டில் இருக்கலாம். கட்டு பெருத்ததும் பழைய பேப்பர்காரரிடம் போகலாம். பெயர், பிறந்த தேதி, விலாசம், படம், கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில். ஒரு மனிதனை முழுசாக எழுதி இன்னொருவன் கையில் கொடுக்க இதைவிட வசதியான வழி கிடையாது.

இப்படிக் கொடுக்காதீர்கள் என்று அரசே ஒருமுறை சொன்னது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்க வேண்டாம், அது தவறாகப் பயன்படலாம், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற 'மறைத்த ஆதார்' கொடுங்கள், ஹோட்டல்களும் சினிமா தியேட்டர்களும் ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்றெல்லாம் அதில் இருந்தது. நாடே பதறியது. மே 29 அன்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம், வழக்கமான எச்சரிக்கையோடு பயன்படுத்தினால் போதுமாம். ஆக, இரண்டே நாள் உயிரோடு இருந்த உண்மை அது. லாட்ஜ் கவுண்டரில் எதுவும் மாறவில்லை.

ஆதாருக்கும் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2023 ஜூன் 30 வரை கெடு கொடுத்து, தவறியவர்களிடம் 1,000 ரூபாய் கட்டணமும் வாங்கி, பானையும் ஆதாரையும் அரசு முடிச்சுப் போட்டுவிட்டது. இணைக்காத பான், ஜூலை 1 முதல் செயலிழந்தது. இப்போது ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும்.

பில்லில் இருக்கும் ரகசியம்

சன்னதித் தெருப் பக்கம் ஒரு டிபன் கடையில் சாப்பிட்டுவிட்டு பில்லை வாங்கிப் பாருங்கள். மேலே 15 எழுத்துகளில் ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்து? கடை முதலாளியின் சொந்தக் கடையாக இருந்தால், அது அவருடைய பான் எண். அப்படியே, முழுசாக. அந்த ஜி.எஸ்.டி. எண்ணைப் பெயர்ப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அதாவது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துறை சொல்லும் எண்ணை, வாசலில் எழுதி மாட்டுங்கள் என்று இன்னொரு துறை சொல்கிறது.

பான் எண் என்பது பூட்டு அல்ல, முகவரி. ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. நான்காவது இடத்தில் 'பி' இருந்தால் தனிநபர், 'சி' இருந்தால் கம்பெனி. ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. தமிழர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டவர்கள் உண்டு, தன் பெயரையே போட்டவர்களும் உண்டு. அதனால் பானில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி என்று நம்மூர்க்காரர்கள் படும் பாட்டுக்குக் கணக்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அசல் ஆள் பெயர் பொருந்தாமல் திண்டாடுவான். திருடன் எழுத்துப் பிசகாமல் நிரப்பி உள்ளே போய்விடுவான்.

அப்படி ஒரு கும்பல் நிஜமாகவே போனது. 2023 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஐந்து பேரைக் கைது செய்தது. தோனி, அபிஷேக் பச்சன், ஷில்பா ஷெட்டி, மாதுரி தீட்சித் போன்றவர்களின் ஜி.எஸ்.டி. எண்களை இணையத்தில் தேடி எடுத்து, அதிலிருந்து பானைப் பிரித்து, பிறந்த தேதியையும் இணையத்திலேயே பிடித்து, தங்கள் படத்தை ஒட்டிப் போலி பான், ஆதார் தயாரித்துக் கிரெடிட் கார்டு வாங்கியிருக்கிறார்கள். வீடியோ சரிபார்ப்பில் கார்டில் இருக்கும் முகமும் திரையில் இருக்கும் முகமும் ஒன்றாகத்தானே இருக்கும்! கண்டுபிடிப்பதற்குள் 21 லட்சம் ரூபாய்க்கு மேல் சாமான் வாங்கிவிட்டார்கள். அதற்கு முந்தின வருடம் 2022 பிப்ரவரியில் சன்னி லியோனி, ஏப்ரலில் ராஜ்குமார் ராவ் என இரண்டு நடிகர்கள், தங்கள் பானை வைத்து யாரோ கடன் வாங்கியதாகப் பகிரங்கமாகப் புகார் சொன்னார்கள். தொகை என்ன தெரியுமா? ஒருவர் பேரில் 2,000 ரூபாய், இன்னொருவர் பேரில் 2,500.

நட்சத்திரங்கள் ட்வீட் போட்டார்கள், செய்தி வந்தது, கம்பெனிகள் ஓடி வந்தன. ட்வீட் போடத் தெரியாதவன் கதை வேறு. 2020 ஜனவரியில் மும்பைக்கு அருகே அம்பிவலியில் குடிசையில் வசித்த ஒரு தினக்கூலிக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பணமதிப்பு நீக்கக் காலத்தில் ஒரு தனியார் வங்கியில் அவர் பானில் 58 லட்சம் ரூபாய் டெபாசிட் ஆகியிருந்தது. வங்கியில் போய்ப் பார்த்தால் பான் அவருடையது, படமும் கையெழுத்தும் வேறு ஆளுடையவை. அதே மாதம் மத்தியப் பிரதேசத்தின் பிந்த் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு, 132 கோடி ரூபாய் பரிவர்த்தனைக்காக 3 கோடியே 49 லட்சம் வரி என்று கடிதம். அந்தப் பரிவர்த்தனை நடந்ததாகச் சொன்ன காலத்தில் அவர் சில ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் கால் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜி.எஸ்.டி. பக்கம் போனால் நிலவரம் இன்னும் மோசம். 2023 மே 16 முதல் இரண்டு மாதம் நாடு முழுக்க நடந்த சோதனையில் 21,791 பதிவுகள் போலி என்று தெரிந்தன. சந்தேகிக்கப்பட்ட ஏய்ப்பு 24,010 கோடி. இத்தனை போலிப் பதிவுக்கும் யாரோ ஒருவரின் பான் தேவைப்பட்டிருக்குமே, அந்த 'யாரோ'க்கள் யார்?

திருட்டு என்றால் திருவண்ணாமலைக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 2023 பிப்ரவரி 12 விடியற்காலையில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் நான்கு ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்து 73 லட்சம் ரூபாய் அளவுக்கு அள்ளிக்கொண்டு போனது வட மாநிலக் கும்பல் ஒன்று. தனிப்படைகள் ஹரியானா வரைக்கும் போய் ஆட்களைப் பிடித்தன. கேஸ் கட்டரோடு வருபவன் புகையும் தடயமும் விட்டுப்போகிறான். பானோடு வருபவன் விட்டுப்போவது உங்கள் பெயரை மட்டும்தான். போலீஸ் தேடினால் உங்கள் வீட்டுக்குத்தான் வந்து நிற்கும்.

யாருடைய கைப்பேசி?

சரி, ரிட்டர்ன் விவகாரத்துக்கு வருவோம். போளூர் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தவன், "நானே போட்டுத் தர்றேன்ப்பா, ஆடிட்டருக்கு எதுக்கு காசு" என்று லேப்டாப்பைத் திறக்கிறான். பான் நம்பரை அடித்தால், இந்தக் கணக்கு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்கிறது. பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்லி, ஆதார் ஓ.டி.பி. வாங்கி எப்படியோ உள்ளே போகிறான். இந்த வருடத்து ரிட்டர்ன் போன மாதமே தாக்கலாகியிருக்கிறது. அதில் அப்பாவுக்கு இல்லாத சம்பளம், இல்லாத வீட்டுக் கடன், ரீஃபண்ட் கோரிக்கை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

யார் செய்திருப்பார்கள் என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. ஏதோ வடநாட்டு ஹேக்கர் என்று முதலில் தேட வேண்டாம், சுயவிவரப் பக்கத்தைத் திறந்து அங்கே யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். நம்மூரில் கணக்கு எழுதித் தரும் எல்லோருமே 'ஆடிட்டர்'தான், பட்டயக் கணக்காளர் படிப்பு முடித்தவரும் சரி, ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவரும் சரி. "ஓ.டி.பி. வந்தா உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம் பாருங்க" என்று சொல்லி அவர்கள் தங்கள் எண்ணையே போட்டுக்கொள்வார்கள். நாமும் நல்லதாகப் போயிற்று என்று விடுவோம். அவர்களில் பெரும்பாலோர் நாணயமானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வசதியால் என்ன நடக்கிறது? உங்கள் பெயரில் வருகிற ஒவ்வொரு நோட்டீஸும் இன்னொருவரின் இன்பாக்ஸுக்குப் போகிறது. அவர் தொழிலை விட்டுவிட்டால், எண்ணை மாற்றிவிட்டால், இறந்துவிட்டால்?

கற்பனையாகச் சொல்லவில்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்கப் போலிக் கழிவு, போலி விலக்குக் கோரிக்கைகள் மீது பெரிய சோதனை நடத்தியது. கமிஷன் வாங்கிக்கொண்டு ரீஃபண்டைப் பெருக்கிக் காட்டும் இடைத்தரகர்கள்தான் குறி. மோசடி தெரியவந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. துறையின் அறிக்கையில் ஒரு வரி என் கண்ணில் நின்றது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்கள் உருவாக்கப்படுகின்றன, பிறகு அவை கைவிடப்படுகின்றன, துறை அனுப்பும் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலேயே கிடக்கின்றன என்று அது சொன்னது. முந்தின நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்களாம். அவர்களில் தெரிந்து செய்தவர் எத்தனை பேர், 'நான் பாத்துக்கறேன் சார்' என்ற வார்த்தையை நம்பியவர் எத்தனை பேர் என்பது அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

முழுக்க அந்நியன் ஒருவன் ரீஃபண்டைத் திருடுவது இங்கே கொஞ்சம் கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சிலிருந்து ரீஃபண்ட், பானோடு இணைந்து சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற ஒரு வழியில் உறுதி செய்யவும் வேண்டும். ஆகவே திருடனுக்கு உங்கள் பேரில் ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். அதனால்தான் போர்ட்டலில் 'எனது வங்கிக் கணக்குகள்' பகுதியில் நீங்கள் திறக்காத கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது, ரிட்டர்னைப் பார்ப்பதை விட முக்கியம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே சமூகப் பாதுகாப்பு எண்ணைத் திருடியவன், ஆண்டின் தொடக்கத்திலேயே முந்திக்கொண்டு உங்கள் பேரில் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டை அடித்துக்கொண்டு போய்விடுவான். நியூஜெர்சியில் இருக்கும் நம்ம பிள்ளை மார்ச்சில் நிதானமாக உட்கார்ந்து மின்தாக்கல் செய்தால், இந்த எண்ணில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று நிராகரிப்பு வரும். காகிதத்தில் ரிட்டர்ன் அனுப்பி, 14039 என்ற படிவத்தில் அடையாளத் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2024-ல் அந்நாட்டு வரி செலுத்துவோர் பாதுகாவலர் தந்த அறிக்கைப்படி அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய 22 மாதம். ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. விரும்புகிறவர் யாரும் ஆண்டுதோறும் மாறும் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாமல் அவர் பேரில் மின்தாக்கல் நுழையாது.

நமக்கும் அதற்கு இணையான ஒன்று இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. போர்ட்டலில் 'இ-ஃபைலிங் வால்ட்' என்றொரு பகுதி. அதை இயக்கிவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட ஆதார் ஓ.டி.பி. அல்லது நெட் பேங்கிங் மாதிரி இரண்டாவது சாவி இல்லாமல் உள்ளே வர முடியாது. ஐந்து நிமிட வேலை.

கடிதம் வந்துவிட்டால்

முதலில் வந்த கடிதமே உண்மையா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் நோட்டீஸ்களில் டி.ஐ.என். என்ற ஆவண எண் இருக்க வேண்டும். போர்ட்டலின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமல், அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். 'ரீஃபண்ட் காத்திருக்கிறது, இந்த லிங்கைத் தட்டுங்கள்' என்று வருகிற குறுஞ்செய்தி, அடையாளத்தைத் திருடுவதற்கான தூண்டில்.

உண்மையென்றால் உள்ளே போய் பாஸ்வேர்டு, கைப்பேசி, மின்னஞ்சல் மூன்றையும் மாற்றிவிட்டு மற்றதைச் செய்யுங்கள். நீங்கள் போடாத ரிட்டர்ன் இன்னும் உறுதி செய்யப்படாமல் இருந்தால் நல்ல காலம், அதை 'டிஸ்கார்டு' செய்ய வழி இருக்கிறது. தவறிப்போய் உறுதி செய்துவிடாதீர்கள். உறுதியாகிவிட்டதென்றால் திருத்திய ரிட்டர்ன்தான் வழி. ஆனால் திருத்துவது என்றால் முதலாவதை நான்தான் போட்டேன் என்று ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும் இல்லையா? அதனால் முதலில் போர்ட்டலில் குறைதீர்ப்புப் பகுதியில், முதல் ரிட்டர்ன் என்னுடையது அல்ல என்று எழுத்தில் பதிந்துவிட்டு, அந்த ஒப்புகை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துவதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். அதே கடிதத்தை உங்கள் வட்டார வருமான வரி அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் யார் என்று போர்ட்டலிலேயே பான் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். உதவி எண் 1800 103 0025.

ரிட்டர்ன் சரியாக இருந்தும், நடக்காத நில விற்பனை, திறக்காத டெபாசிட் என்று வரவுகள் காட்டினால் அதற்கு வேறு இடம். 2021 நவம்பரில் வந்த ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் கருத்துச் சொல்ல வசதி உண்டு. 'இது வேறு பானுக்கு உரியது', 'இதை மறுக்கிறேன்' என்று தேர்ந்தெடுக்கலாம். தகவல் தந்த வங்கிக்கோ பதிவு அலுவலகத்துக்கோ கேள்வி போகும். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் வைத்துத் தேடினால் உங்கள் பேரில் எங்கெல்லாம் வியாபாரம் நடக்கிறது என்று தெரியும், அங்கேயே முறைகேட்டுப் புகாரும் பதியலாம். சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. எத்தனை சிம் உங்கள் பேரில் ஓடுகிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், இத்தனையும் பார்த்துவிட.

போலீஸ் பக்கம்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சைபர் க்ரைம் காவல் நிலையம் இருக்கிறது, பணம் போயிருந்தால் உடனே 1930. பணம் போகவில்லை, பெயர்தான் போயிருக்கிறது என்றால் "உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்று சொல்லுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டையே தனிக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். வரித் துறை, வங்கி, ஜி.எஸ்.டி. என்று எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

பயத்தில் புது பானுக்கு மட்டும் விண்ணப்பித்துவிடாதீர்கள். ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். திருடன் தப்பிவிடுவான், நீங்கள் மாட்டுவீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் எனக்கு ஓர் ஆற்றாமை இருக்கிறது. வரி மதிப்பீடு 'முகமற்றது' ஆகிவிட்டது. அதிகாரியை நேரில் பார்த்துக் கும்பிட்டுக் காரியம் சாதிக்கும் காலம் போனது நல்லதுதான், லஞ்சம் குறையும். ஆனால் முகத்தைப் பறிகொடுத்தவன் முகமற்ற அலுவலகத்தில் யாரிடம் போய் 'அது நான் இல்லீங்க' என்று சொல்வான்? செய்ததை நிரூபிப்பது எளிது, செய்யாததை நிரூபிப்பது எப்படி? வங்கி ஒன்று கணக்கு திறந்தபோது படத்தையும் ஆளையும் ஒப்பிடாமல் விட்ட தவறுக்கு, கூலி வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவது அந்த ஏழைதான். 2024 நவம்பர் 25 அன்று 1,435 கோடி ரூபாயில் 'பான் 2.0' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பான் தகவல்களுக்குப் பாதுகாப்புப் பெட்டகம் வரும் என்கிறார்கள். 78 கோடி பான் வழங்கப்பட்ட நாட்டில், 'இந்த ரிட்டர்ன் என்னுடையது அல்ல' என்று ஒரே தட்டில் சொல்ல, சொன்ன மறுநொடி வசூல் நடவடிக்கை நிற்க, ஒரு பொத்தானையும் அந்தக் காசிலேயே வைத்தால் புண்ணியமாகப் போகும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அடுத்த முறை லாட்ஜில் ஆதார் கேட்டால் மறைத்த ஆதாரை நீட்டுங்கள். நகல்தான் வேண்டும் என்றால் அதன் மீது குறுக்கே தேதியையும் 'தங்குவதற்கு மட்டும்' என்பதையும் எழுதிக் கொடுங்கள். இந்த வாரம் கணக்கு எழுதித் தருபவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற பத்து இலக்க எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால், மாற்றிவிட்டு எழுந்து வாருங்கள்.